பல் உடைந்தால் யாருக்கு நஷ்டம்?

மோட்டார் பந்தயம் சீமான்களின் விளையாட்டு என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் 'ஸ்பெக் மியாட்டா' பந்தயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாஸ்டா கம்பெனி 1990 முதல் 2005 வரை விற்ற சின்னஞ்சிறு இரண்டு ஸீட் கார்களைப் பழைய காராக வாங்கி, வாரமெல்லாம் உத்தியோகம் பார்ப்பவர்கள் சனி ஞாயிறுகளில் ஓட்டும் பந்தயம் அது. பணம் ஜெயிக்கக்கூடாது, கைத்திறன்தான் ஜெயிக்கவேண்டும் என்பதற்காக ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள்: அனுமதி என்று எழுதப்படாததெல்லாம் விலக்கு. ஆகவே கியர்ப்பெட்டியும் தொழிற்சாலையில் பிறந்தபடியே இருக்கவேண்டும்.

நல்ல எண்ணந்தான். ஆனால் நல்ல எண்ணத்தால் இரும்பு கெட்டிப்படுவதில்லையே!

அந்தக் கியர்ப்பெட்டி கடைவீதிக்குப் போய்வரச் செய்தது. கியர் மாற்றும்போது ஒரு பித்தளை வளையம் உரசி, வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருகிறது. அப்புறந்தான் அவை கோத்துக்கொள்கின்றன. சம்பந்திகளைச் சமாதானப்படுத்தும் கல்யாணத் தரகர் மாதிரி. பந்தயத்தில் தரகருக்கு அவகாசம் ஏது? நூற்றுக்கணக்கான தடவை லீவரை வெடுக்கென்று தள்ளினால் வளையம் தேய்ந்துபோகிறது. பந்தய டயர் ரோட்டைக் கவ்விப் பிடிப்பதால், கிளட்சைச் சடக்கென்று விடும் அதிர்ச்சி பற்களின் தலையில் விழுகிறது. சாய்வாக வெட்டிய பற்கள் சத்தமின்றிச் சுழலும், வாஸ்தவம். ஆனால் பாரம் ஏறினால் தண்டை நீளவாட்டில் தள்ளிப் பேரிங்குகளை வதைக்கும்.

உடைந்தால் என்ன ஆகும்? பணக்காரர் லாரியில் இரண்டு உபரிப் பெட்டிகளோடு வந்திருப்பார், இரவோடிரவாக மாற்றிக்கொள்வார். சம்பளக்காரர் வீட்டுக்குப் போவார். அவரைக் காப்பாற்றப் பிறந்த சட்டமே அவரைத் துரத்துகிறது!

"ஒரு கதவைத் திறந்தால் செலவுப் பிசாசு உள்ளே வந்துவிடும்" என்கிறார்கள் சட்டம் காப்பவர்கள். வந்ததா, பார்ப்போம். 1967-ல் இங்கிலாந்தில் 'பார்முலா போர்டு' பந்தயம் தொடங்கியது. காரின் விலை ஆயிரம் பவுனைத் தாண்டக்கூடாது என்பது அதன் மூல நோக்கம். லோட்டஸ் கம்பெனி முதலில் சாதாரண ரெனோ காரின் கியர்ப்பெட்டியைப் பொருத்தியது. அது தாங்கவில்லை. பிறகு ஹியூலண்ட் பெட்டிக்கு மாறினார்கள். வெளிக்கூடு மலிவான வோக்ஸ்வாகனுடையது. உள்ளே பந்தயத்துக்கென்றே செய்த பற்கள். இதனால் அந்தப் பந்தயம் அழிந்ததா? உலகமெங்கும் பரவியது.

காரின் வேகத்தைக் கூட்டுவது வேறு, உறுதியைக் கூட்டுவது வேறு. முன்னதைத் தடுப்பது நியாயம். பின்னதைத் தடுப்பது பிடிவாதம். அதே கியர் விகிதம், அதே பித்தளை வளையம், அதே எடை. உருக்கு மட்டும் கெட்டியாக இருக்கட்டும். பற்களை எண்ணிப் பார்க்கப் பரிசோதகருக்கு விரல் இருக்கிறது, எடை பார்க்கத் தராசு இருக்கிறது. தோற்றவர் தம் கைத்திறன் போதாமல் தோற்கட்டும். பித்தளை தேய்ந்து தோற்கவேண்டும் என்று எந்த நீதி சாஸ்திரம் சொல்கிறது?