பேய்க்குக் கைதட்டுகிறவர்களுக்கு



ராகவா லாரன்ஸ் இயக்கிய 'காஞ்சனா' (2011) தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் நம் இல்லங்களில் சிரிப்பொலி எழும்புகிறது. சரத்குமார் ஏற்று நடித்த காஞ்சனா யார்? பெற்றோரால் தள்ளப்பட்ட திருநங்கை, தன்னைப்போல் கைவிடப்பட்ட பிள்ளையை வளர்த்து மருத்துவம் படிக்கவைத்தவள், நிலத்துக்காகக் கொலையுண்டவள். அவளுடைய ஆவி கதாநாயகனுக்குள் புகுந்து சேலை உடுத்துகையில் நகைக்கிறோம், பழிவாங்குகையில் கைதட்டுகிறோம்.

பேயானவளுக்குக் கைதட்டல், உயிரோடிருப்பவளுக்கு என்ன? நம் மாவட்டத்துக் கூவாகம் திருவிழாவுக்கு வரும் திருநங்கை பேருந்தில் அருகே அமர்ந்தால் எழுந்து விலகுகிறோம். ஆராதனைக்கு வந்தால் எந்தப் பக்கம் அமர்த்துவது என்று முணுமுணுக்கிறோம். இது மாய்மாலம் அல்லவா?

"வெறும் படந்தானே, ஐயா" என்பீர்கள். 2024 ஜூனில் விஷச்சாராயம் நம் கருணாபுரத்தில் உயிர்களைப் பறித்தபோது, 'குடிகாரர்கள்தானே' என்ற ஒரு சொல் நம்மை எப்படிச் சுட்டது! மனிதரை ஒரே பெயருக்குள் அடைக்கும் கொடுமையை அறிந்த நாமே அதைச் செய்யலாமா?

ஏசாயா 56-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அண்ணகருக்குத் தம் ஆலயத்துக்குள்ளேயே இடமும் அழியாத நாமமும் தருவதாகக் கர்த்தர் வாக்களிக்கிறார். அவர் கொடுத்த இடத்தை மறுக்க நாம் யார்? வருகிற ஞாயிறு, உங்கள் பக்கத்தில் இடம் விட்டு அமருங்கள்.