மச்சான் காய்ச்சினா கலை, அப்பு இறக்கினா இழிவோ?

போன மாதம் எங்களில் ஒருத்தியின் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வீடியோ வந்தது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் தன் வீட்டில் பியர் காய்ச்சுகிறார். பெரிய எவர்சில்வர் பானை, வெப்பமானி, மேசையில் சின்னச் சின்னப் பைக்கற்றுகள். ஒரேயொரு வகை ஹொப்ஸ் மட்டும் போட்டுச் செய்யிற பெயில் ஏலாம். மாமாமார், சித்தப்பாமார் எல்லாரும் கைதட்டுற இமோஜி. "எங்கட பெடியன்ட கைவண்ணத்தைப் பாருங்கோ" எண்டு ஒரு பெரியப்பா.

அதே குழு, அதே கிழமை. ஒரு கலியாணப் பேச்சு. பெடியன் படிச்சவன், வேலை இருக்கு, பெட்டைக்கும் விருப்பம். ஆனா பேச்சு முறிஞ்சு போச்சு. காரணம் ஒரு வரியில் வந்தது: பெடியன்ட அப்பு கள்ளுச் சீவினவராம். அதுக்குக் கீழே ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை.

இந்த ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லித்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் மச்சான் செய்ததைப் பார்ப்பம். பார்லியை முளைக்க வைத்து, உலர்த்தி, சுடுதண்ணியில் ஊறவிட்டால் அதிலுள்ள மாப்பொருள் சீனியாக மாறும். அந்த இனிப்புத் தண்ணியை வற்றவைத்துப் பாணியாகவோ தூளாகவோ விற்பதுதான் மோல்ட் எக்ஸ்ட்ராக்ட். மச்சான் கடையில் வாங்கியது அதைத்தான். வேலையின் ஒரு பெரிய பங்கைத் தொழிற்சாலை ஏற்கனவே முடித்துக் கொடுத்துவிட்டது. 19 லீற்றருக்கு ஏறத்தாழ 3 கிலோ தூள். ஒரு மணித்தியாலம் கொதிக்க விடுகிறார். தொடக்கத்தில் போட்ட ஹொப்ஸ் கசப்பைத் தரும். கடைசி நிமிடங்களில் போட்டது வாசத்தைத் தரும், ஏனெண்டால் கனநேரம் கொதித்தால் வாசம் ஆவியோடு போய்விடும். அவர் போட்டது கஸ்கேட், 1972இல் அமெரிக்காவின் ஒரிகனிலிருந்து வெளிவந்த இனம். தோடம்பழக் குடும்பத்து வாசம். பிறகு 20 பாகை அளவுக்கு ஆறவிட்டு, மதுவம் போட்டு, மூடி வைக்கிறார். ரெண்டு கிழமை கழிய, கொஞ்சம் சீனியோடு போத்தலில் அடைத்து இன்னும் ரெண்டு கிழமை. மதுவம் சீனியைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் தரும் எண்டு பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில் நாங்கள் எல்லாரும் படிச்சதுதான். முடிவில் 5 வீதமளவில் மதுசாரம்.

நல்ல வேலைதான். சுத்தம் வேணும், பொறுமை வேணும். நாங்கள் மச்சானை நக்கலடிக்க வரேல்லை.

இனி அந்த அப்பு. விடியமுந்தித் தளநாரைக் காலில் மாட்டிக்கொண்டு பனையில் ஏறுவார். பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாய்ச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டு இறங்குவார். பின்னேரம் திரும்பவும் ஏறுவார். தடிப்பாய்ச் சீவினால் பாளை கெதியில் முடிஞ்சு போம். சீவாமல் விட்டால் வடியிறது நிண்டு போம். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதிக்காது, அது கருப்பநீர், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற மதுவம் தன்பாட்டில் வேலை செய்ய, இறக்கும்போதே கள்ளு. வெப்பமானி இல்லை, பைக்கற் மதுவமும் இல்லை. மதுசாரம் அதே 5 வீதத்தை அண்டித்தான்.

ஒற்றை ஹொப்ஸ் பெரிய விசயம் எண்டால், தனிப்பனைக் கள்ளு எண்டு பேர் சொல்லிக் கேட்டு வாங்கிக் குடிச்ச ஊர் இது. ஒரு மரத்துக் கள்ளின் ருசியை இன்னொரு மரத்துக் கள்ளிலிருந்து பிரிச்சுச் சொன்ன நாக்குகள் எங்கட ஊரிலும் இருந்தன. அதை ஒருத்தரும் வீடியோ எடுக்கேல்லை, அவ்வளவுதான்.

சட்டமும் பக்கம் சார்ந்துதான் நிற்குது. அமெரிக்காவில் 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வீட்டுப் பாவனைக்குப் பியர் காய்ச்சுவதை வரியில்லாமல் அனுமதித்தது. அப்படி வீட்டில் காய்ச்சிப் பழகின கென் குரொஸ்மன்தான் சியரா நெவாடா பெயில் ஏலை உலகறியச் செய்தார். இங்கையோ இன்னமும் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டந்தான் அத்திவாரம். அனுமதிப்பத்திரம் இல்லாமல் காய்ச்சினாலும் இறக்கினாலும் குற்றம். அங்கே வீட்டுக் குசினியிலிருந்து ஒரு கைத்தொழில் வளர்ந்தது. இங்கே தலைமுறை தலைமுறையாகக் கைவந்த தொழிலை எப்பவும் சந்தேகத்தோடேயே பார்த்தார்கள்.

ஆனால் சட்டத்தை மட்டும் குறை சொல்லித் தப்பேலாது. அப்புவின் தொழிலை இழிவாக்கினது மதுவரித் திணைக்களம் இல்லை, நாங்கள்தான். அவர் இறக்கின கள்ளைப் பிளாவில் வாங்கிக் குடிக்கலாம். அவர் வீட்டுக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கேலாது. அவருக்குத் தேத்தண்ணி தகரப் பேணியில். கள்ளில் தீட்டு இல்லை, தண்ணியில் தீட்டாம்! இந்தக் கணக்கை எந்த விஞ்ஞானப் புத்தகத்திலும் நாங்கள் படிக்கேல்லை. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடச் சொல்லி நிண்டது எங்கட தாத்தாமார் காலத்துச் சனம். "இப்ப ஆர் சாதி பாக்கினம்?" எண்டு கேட்கிறவர்கள் தங்கட குடும்பக் குழுவை ஒருக்கா மேலே தள்ளிப் பார்க்கட்டும்.

"அப்ப குடிக்கச் சொல்லுறீங்களோ?" எண்டு கேட்பீர்கள். இல்லை. எங்களில் பாதிப்பேர் குடிக்கிறதே இல்லை. குடியால் அடிவாங்கின அம்மாமாரையும், கசிப்பால் அழிஞ்ச வீடுகளையும் பார்த்துத்தான் வளர்ந்தோம். மதுவை எதிர்க்கிறவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் எதிர்த்தால் ரெண்டையும் எதிருங்கோ. போத்தலில் வந்தால் ரசனை, பிளாவில் வந்தால் குடிகாரத்தனம் எண்டு சொல்லாதேங்கோ.

இன்னொரு பக்கமும் இருக்கு. பனையைக் கும்பிட்டு, "எங்கட பாரம்பரியம்" எண்டு படம் போட்டு, மரத்தில் ஏறுகிறவரை அங்கேயே நில்லும் எண்டு சொல்லவும் எங்களுக்கு உரிமை இல்லை. விழுந்து இடுப்பு முறிஞ்சவர்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போக விரும்பினால் போகட்டும். ஏறுகிறவருக்குக் கூலியும் காப்புறுதியும் மரியாதையும் கிடைக்கட்டும். ஏறாமல் விட்டவரின் பேரனுக்கு, தாத்தாவின் தளநார் கழுத்துக் கயிறாக மாறாமல் இருக்கட்டும்.

அந்த ஒரு வரிக்குக் கீழே, எங்கட தோழி கடைசியில் எழுதினாள்: "மச்சானும் மதுவந்தான் வளர்க்கிறார், அப்புவும் அதைத்தான் செய்தவர். மச்சானுக்குப் பெண் குடுக்க மாட்டியளோ?" எல்லாரும் பார்த்ததுக்கு நீலச் சரி விழுந்தது. ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. அடுத்த நாள் விடிய, பெரியப்பா வழமைபோல ஒரு காலை வணக்கப் படம் போட்டார்.

உங்கட குடும்பக் குழுவிலும் இப்படி ஒரு வரி வரும். வரேக்க பேசாமல் இருக்காதேங்கோ.