உடைக்கும் முன் ஆராய வேண்டிய பாறை

2025 பிப்ரவரியில் மத்திய சுரங்க அமைச்சகம் பெல்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா உள்ளிட்டவற்றைச் சிறு கனிமப் பட்டியலிலிருந்து பெருங்கனிமப் பட்டியலுக்கு மாற்றியது. இவை கிடைக்கும் பெக்மடைட் பாறைகளில் லித்தியம், பெரில், டான்டலம் போன்றவையும் இருக்கக்கூடும், சிறு கனிமக் குத்தகைதாரர்கள் அவற்றைக் கணக்கில் காட்டுவதில்லை என்பதே காரணம். முடிவு சரியானது. ஆனால் பட்டியல் மாறியதாலேயே பாறைக்குள் இருப்பது தெரிந்துவிடாது. கரூர், நாமக்கல் பக்கம் டைல்ஸ் ஆலைக்கு லாரி லாரியாகப் போகும் வெள்ளைக் கல்லின் கனிமங்களையும் பிறப்பையும் முதலில் ஆராய வேண்டும்.

பாறைக்குழம்பு இறுகும்போது, சாதாரணக் கனிமங்களில் இடம் கிடைக்காத தனிமங்கள் கடைசியில் எஞ்சும் குழம்பில் சேர்கின்றன. அது உறைந்து பெக்மடைட் ஆகிறது. ஆழத்தில் பழைய பாறை ஓரளவு உருகியும் அது உருவாகலாம். குழம்பு எவ்வளவு முற்றியது என்பதைக் கழித்துப்போடும் பெல்ஸ்பார் துண்டே காட்டிவிடும்: பொட்டாசியத்தோடு ஒப்பிட ருபீடியம் கூடக் கூட, அரிய கனிமம் இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. மோனசைட் மணிகளில் யுரேனியம் எந்த அளவு ஈயமாகியிருக்கிறது என்று பார்த்தால் பாறையின் வயது தெரியும். அருகிலுள்ள கிரானைட்டின் வயது அதோடு ஒத்துவராவிட்டால், தாய்ப்பாறையை வேறிடத்தில் தேட வேண்டும். லித்தியம் தரும் ஸ்போடுமீனோ வெளிறிய பெல்ஸ்பாரைப் போலவே இருக்கும். பழகாத கண் அதைத் தள்ளிவிடும். சுவீடனின் இட்டர்பியில் பீங்கானுக்காகப் பெல்ஸ்பார் வெட்டிய குவாரியில் 1787-இல் அகப்பட்ட ஒரு கறுப்புக் கல்லை, 1794-இல் யோகான் கடோலின் பகுத்தாய்ந்தார். அருமண் தனிமங்களின் வரலாறு அங்கேதான் தொடங்கியது.

பெரும்பாலான பெக்மடைட்களில் ஒன்றும் தேறாது, வீண் செலவு என்பார்கள். தேறாது என்பது உண்மை. எதில் தேறாது என்பதும் ஆராய்ந்தால்தானே தெரியும்? கர்நாடகத்தின் மண்டியாவில் 14,100 டன் என்று 2020-இல் பரபரப்பாகப் பேசப்பட்ட லித்தியம், அணுக்கனிம இயக்ககத்தின் கணக்கில் 1,600 டன்னாகச் சுருங்கியது. ஊகத்தை அடக்கவும் ஆய்வு வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. குவாரித் தொழிலாளர் பிழைப்பு கெடும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. வெட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. பாறையின் விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை ஒவ்வொரு அடுக்கிலும் மாதிரி எடுத்து, சோதனை முடிவைப் பொதுவில் வைப்பதைக் குத்தகை நிபந்தனையாக்கினால் போதும். விற்ற கல்லைத் திரும்பப் பெற முடியாது. நிபந்தனையை இப்போதே சேர்க்கலாம்.