எஞ்சியதைக் காப்பதே விருந்தோம்பல்

காண வருவோர்க்கு ஒரு நகரம் எதைக் காட்டுகிறதோ, அதைக் கொண்டே அந்நகரம் தன்னைப் பற்றி என்ன எண்ணுகிறது என்பது விளங்கும். மலையும் அருவியும் இயற்கை அளித்தவை. அவற்றைக் காட்டுவதில் மாந்தர்க்குரிய பெருமை சிறிதே. நகரமோ மாந்தர் உழைப்பால் எழுந்தது. கட்டியவர் மறைந்த பின்னர்க் காப்பவர் இருந்தால்தான் அது காண்பதற்கு எஞ்சும். ஆகவே, பயணியரை வரவேற்பது விளம்பரத் துறையின் வேலை என்றும், பழங்கட்டடங்களைக் காப்பது ஆர்வலர் சிலரின் விருப்பம் என்றும் இரண்டையும் பிரித்தே வைத்துப் பழகிவிட்ட நம் நிருவாக வழக்கம் அடிப்படையிலேயே பிழையானது. காக்கத் தவறியதை எவர்க்கும் காட்ட இயலாது. சென்னை இதை அறிந்துகொள்ளக் கொடுத்த விலை பெரிது. அறிந்துகொண்டதா என்பது இன்னும் ஐயமே.

ஒரு நூற்றாண்டுக்கு முன் பட்டணம் பார்க்க வந்தவர்க்கு இந்நகரம் காட்டியவற்றை எண்ணிப் பார்ப்போம். 1873-இல் எழுந்த சென்ட்ரல் நிலையத்திலோ, 1908-இல் திறக்கப்பட்ட எழும்பூர் நிலையத்திலோ வந்திறங்கியவர்க்கு, 1895 முதல் மின்விசையால் ஓடிய டிராம் வண்டிகள் முதல் வியப்பாக அமைந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும், மக்கள் பூங்காவில் இருந்த விலங்குக் காட்சியகத்தை ‘உயிர் காலேஜ்’ என்றும் ஊர்ப்புறத்து மக்கள் தம் வழக்கில் அழைத்தனர். அவ்விரண்டையும் காணாதவர் பட்டணம் பார்த்தவராகக் கருதப்படவில்லை. 1894 முதல் உயர்நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியிலிருந்தே கலங்களுக்கு வழிகாட்டும் விளக்கு எரிந்தது. 1896-இல் கன்னிமாரா நூலகமும், 1900-இல் மூர் மார்க்கெட்டும், 1909-இல் கடற்கரையில் இந்தியாவின் முதல் மீன்காட்சியகமும், 1913-இல் ரிப்பன் மாளிகையும் திறக்கப்பட்டன. ஏறத்தாழ இருபதே ஆண்டுகளில் ஒரு நகரம் தன் குடிமக்களுக்கும் தன்னை நாடி வந்தவர்க்கும் பொதுவாக இத்தனையை எழுப்பியது. அயலாட்சியின் பெருமிதம் அவற்றில் கலந்திருந்தது என்பதை யாம் மறைக்கவில்லை. ஆயினும், அவற்றைக் கட்டிய கைகள் நம் கொத்தர்களுடையவை. செலவிட்ட பணம் நம் மக்கள் செலுத்திய வரி.

அவற்றுள் எஞ்சியவை எவை? டிராம் 1953-இல் நின்றது. கடற்கரை மீன்காட்சியகம் இன்று இல்லை. விலங்குக் காட்சியகம் 1985-இல் வண்டலூருக்குப் பெயர்ந்தது. அப்பெயர்ச்சி உயிர்களுக்கு நன்மையே செய்தது என்பதால் அதைக் குறைகூற மாட்டோம். மூர் மார்க்கெட்டோ அதே ஆண்டு மே மாத இறுதியில் எரிந்து போயிற்று. பழைய நூல் தேடி மாணவரும் அறிஞரும் ஒரே கடைவாயிலில் நின்ற அந்தச் செந்நிறக் கட்டடத்தின் இடத்தில் இன்று புறநகர்த் தொடர்வண்டி முனையம் நிற்கிறது. சென்ட்ரலை ஒட்டி அதன் சிற்றுரு ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. கட்டடத்தை இழந்துவிட்டு அதன் பொம்மையைப் பேணும் நிலை எந்த நகரத்துக்கும் வரக்கூடாதது.

இத்தகைய இழப்பு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. நியூயார்க் நகரில் 1910-இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா தொடர்வண்டி நிலையம் அக்காலத்துப் பயணியர் காணத் தவறாத மாளிகைகளுள் ஒன்று. நிலத்தின் விலை கட்டடத்தின் பெருமையை விஞ்சிவிட்டது என்று உடைமையாளர் கணக்கிட்டதால், 1963-இல் அதை இடிக்கத் தொடங்கினர். அந்த இழப்பு அந்நகர மக்களின் மனத்தை உலுக்கியது. இரண்டே ஆண்டுகளில், 1965-இல், வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் அங்கே பிறந்தது. நம் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட அதே 1913-இல் திறக்கப்பட்ட கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கும் பின்னர் அதே ஆபத்து வந்தபோது, அச்சட்டமே அதைக் காத்தது; 1978-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே நின்றது. அவ்வழக்கில் நாம் கருத வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. உடைமையாளரிடம் தியாகத்தை மட்டும் அந்நகரம் கேட்கவில்லை. அந்த இடத்தின்மேல் உயர எழுப்பிக்கொள்ளும் உரிமையை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ள வழியும் வகுத்துக் கொடுத்தது. பொதுநலத்துக்காக ஒருவர் தாங்கும் சுமையை ஊரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்னும் நேர்மை அந்த ஏற்பாட்டில் இருந்தது.

நம் நகரத்தின் நெறி வேறாகச் சென்றது. அண்ணா சாலையில் 1897-இல் எழுந்த பாரத் காப்பீட்டு மாளிகையை இடிக்கும் பணி 2006-இல் தொடங்கியபோது, அதைத் தடுக்க மரபு காக்கும் அமைப்பொன்று நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. 2010-இல் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, அம்மாளிகைக்கு மட்டுமின்றி, நீதியரசர் பத்மநாபன் குழு பட்டியலிட்டிருந்த நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்கும் அரணாயிற்று. 2012-இல் மரபுச் சின்னங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்கும் சட்டத்தைச் சட்டமன்றம் இயற்றியது; ஆணையம் உருப்பெறவோ பல்லாண்டுகள் ஆயின. சட்டம் ஏட்டில் உறங்கிய ஒவ்வோர் ஆண்டும் எங்கேனும் ஒரு தெருவில் ஒரு பழைய வீடு ஓசையின்றிச் சரிந்தது. பெருமாளிகைகள் வீழும்போது செய்தியாகின்றன. தெருக்கள் மறைவதை எவரும் எழுதுவதில்லை. இது பற்றியே யாம் இன்று சிந்தாதிரிப்பேட்டையைப் பற்றிப் பேச முற்படுகிறோம்.

மேற்சொன்ன காட்சியிடங்களின் நடுவே, மூன்று புறமும் கூவம் வளைந்து சூழ அமைந்தது இப்பேட்டை. ஆற்றைக் கடந்தால் ஒருபுறம் ரிப்பன் மாளிகையும் சென்ட்ரலும். மற்றொருபுறம் எழும்பூர் அருங்காட்சியகமும் கன்னிமாராவும். தெற்கே அண்ணா சாலை. பறக்கும் ரயிலின் முதற்கட்டம் 1995-இல் ஓடத் தொடங்கியபோதே இதற்கென ஒரு நிலையமும் அமைந்தது. இத்தனை எளிதில் வந்தடையக்கூடிய இடத்துக்குப் பயணியர் எவரும் அழைக்கப்படுவதில்லை. மொத்த விலைக் கடைகளுக்கும் மீன் சந்தைக்கும் வருவோரைத் தவிர, நகரத்தாரே இதனுள் நுழைவது அரிது.

இதன் வரலாறோ சென்னையின் வரலாற்றையே விளக்கவல்லது. 1734-இல், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கும்பினியின் முதன்மை வணிகராயிருந்த சுங்குராமனின் தோட்டம் இருந்த நிலத்தில் நெசவாளர்க்கென்றே அமைக்கப்பட்ட குடியிருப்பு இது. கும்பினியின் கப்பல்களுக்குத் துணி வேண்டியிருந்தது. நெய்வோர், நூற்போர், துணி வெளுப்போர், வண்ணம் தீட்டுவோர் எனத் தொழிலறிந்த குடும்பங்களைப் பல ஊர்களிலிருந்து வரவழைத்து, முன்பணமும் மனையும் கொடுத்துக் குடியேற்றினர். வருவோர் நிலைத்து வாழ வேண்டுமெனின் வழிபாட்டிடமும் வேண்டும் என்பதால் கோயிலும் எழுந்தது. ஆதிபுரீசுவரர்க்கும் ஆதிகேசவப் பெருமாளுக்கும் அருகருகே அமைந்த இரட்டைக் கோயில்கள் இன்றும் அப்பேட்டையின் நெஞ்சாக விளங்குகின்றன. கோயிலை நடுவில் வைத்து நேராக வகுக்கப்பட்ட தெருக்களில் நடப்பவர், தொழிலுக்கென்று திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஓர் ஊரின் அமைப்பைத் தம் கால்களாலேயே அறியலாம். கோட்டையையும் கடற்கரையையும் மட்டும் பார்த்துத் திரும்புபவர், இந்நகரம் எதன் பொருட்டுத் தோன்றியது என்பதை அறியாமலே திரும்புகிறார். துணிக்காகத் தோன்றிய நகரம் இது. அதற்குச் சான்றாகத் தெருக்களின் வடிவிலேயே எஞ்சி நிற்கும் இடங்கள் மிகச் சிலவே.

நெசவோடு முடிந்துவிடும் கதையன்று இது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மைரன் வின்சுலோவும் மருத்துவர் ஜான் ஸ்கடரும் 1836-இல் சென்னைக்கு வந்தனர். அவர்தம் மிஷன் பணி வேரூன்றிய இடங்களுள் சிந்தாதிரிப்பேட்டையும் ஒன்று. யாழ்ப்பாணத்தில் பலர் தொடங்கிய சொற்றிரட்டை வின்சுலோ தொடர்ந்து விரிவாக்கி, 1862-இல் 67,000-க்கும் மிகுந்த சொற்களைக் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியாகச் சென்னையில் வெளியிட்டார். பின்வந்த அகராதியாளர் எவரும் அதை ஒதுக்கிச் செல்ல இயலவில்லை. கடல் கடந்து வந்த அமெரிக்கர் ஒருவர்க்குத் தமிழின் சொல்வளம் வாழ்நாட்பணியாயிற்று என்பதை, இன்று அமெரிக்காவிலிருந்து வரும் பயணியர்க்கும் அங்கேயே பிறந்து வளர்ந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும் சொல்ல ஒரு பலகையேனும் நாம் நாட்டியிருக்கிறோமா? இப்பேட்டையின் சீயோன் ஆலயத்தில் போதகராயிருந்த டபிள்யூ. டி. சத்தியநாதனின் மருமகளே, ஆங்கிலத்தில் புதினம் எழுதிய முதல் இந்தியப் பெண்களுள் ஒருவரான கிருபாபாய் சத்தியநாதன். இலக்கியம் பயில்வோர் அவர் பெயரை நூலகங்களில் தேடுகின்றனர். இத்தெருக்களில் நடப்போர்க்கு அப்பெயரே தெரியாது.

1914-இல் ரகுபதி வெங்கையா கெயிட்டி திரையரங்கைக் கட்டியது இப்பேட்டையின் எல்லையில், பிளாக்கர்ஸ் சாலையில். இந்தியர் ஒருவர் சென்னையில் எழுப்பிய முதல் திரையரங்கு அது. தென்னகத் திரைத்தொழிலின் தொடக்க வரலாறு அதைத் தவிர்த்து எழுதப்பட மாட்டாது. அதுவும் இடிக்கப்பட்டுவிட்டது. கெயிட்டி எழுவதற்கு ஓராண்டு முன்னதாக ஆங்கிலேயர் ஒருவர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டரின் கட்டடமோ, அண்ணா சாலை அஞ்சலக வளாகத்துள் தபால்தலைப் பிரிவாகப் பயன்பட்டு இன்றளவும் நிற்கிறது. ஒன்று நிலைத்தது, பயன்பாட்டில் இருந்ததால். மற்றொன்று மறைந்தது, மனையின் விலைக்குமேல் அதற்கு மதிப்பில்லை என்று கருதப்பட்டதால். இப்பேட்டையில் ஆளுநர் நேப்பியரின் பெயரைத் தாங்கியிருந்த பூங்காவோ மே தினப் பூங்காவாகப் பெயர் மாறிப் பொதுமக்களுக்கு இன்றும் உரியதாக உள்ளது. 1923-இல் இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாளைக் கொண்டாடிய சிங்காரவேலரின் நகரத்தில், நெசவுத் தொழிலாளர்க்கென அமைந்த பேட்டையின் பூங்காவுக்கு அப்பெயர் பொருந்துவதே.

ஆகவே, சிந்தாதிரிப்பேட்டையைப் பயணியர் நடந்து காணும் பகுதியாக மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் அறிவிக்க வேண்டும் என்று யாம் வேண்டுகிறோம். அவ்வாறு வேண்டும்போதே ஓர் எச்சரிக்கையையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அழகுபடுத்துதல் என்னும் பெயரால் இந்நகரத்தில் நடந்தவை எல்லாம் அறத்தின்பாற்பட்டவை அல்ல. கூவத்தைச் சீரமைக்க முற்பட்டபோது, கரையில் தலைமுறைகளாக வாழ்ந்த எளிய குடும்பங்கள் பெரும்பாக்கம், கண்ணகி நகர் எனத் தொலைவிடங்களுக்கு அனுப்பப்பட்டன. பிழைப்பு இங்கும் குடியிருப்பு அங்குமாக அவர்கள் அலைந்ததை இந்நகரம் கண்டது. பயணியரின் கண்ணுக்கு இனிமை சேர்க்கும் பொருட்டு, மீன் சந்தையின் பெண்களையோ, சுமை தூக்குவோரையோ, சிறுகடைக்காரரையோ அகற்றும் எந்தத் திட்டத்தையும் யாம் ஏற்கமாட்டோம். தொழில் செய்வோர்க்கென்றே பிறந்த பேட்டையிலிருந்து தொழில் செய்வோரை நீக்கிவிட்டால், அங்கே வருவோர் காண்பதற்கு என்ன இருக்கும்?

செய்ய வேண்டுவன பெருஞ்செலவுக்கு உரியனவும் அல்ல. பேட்டையின் தெருக்களில் எஞ்சியுள்ள பழைய வீடுகளையும் பொதுக்கட்டடங்களையும் தெருத்தெருவாகக் கணக்கெடுத்து, மரபுப் பட்டியலில் சேர்க்க வேண்டியவற்றை ஆணையம் சேர்க்க வேண்டும். பட்டியலில் சேர்வதால் வீட்டுக்காரர் இழப்பது எதுவோ, அதற்கு ஈடாக வரிச் சலுகையும், பழுதுபார்க்க நிதியும், கட்டட உரிமையை வேறு மனைக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பும் தரப்பட வேண்டும். அந்த உரிமை மாற்றம் நம் திட்ட விதிகளுக்குப் புதியதன்று, பயன்படுத்தும் மனமே குறைவு. ஈடு ஏதும் தராமல் தடை மட்டும் விதித்தால், உடைமையாளர் தம் வீட்டை மழைக்கும் அரசமரத்துக்கும் விட்டுவிட்டு, அது தானாக விழும் நாளை எதிர்நோக்கியிருப்பர். அதற்குச் சான்றுகள் இந்நகரத்தில் ஏராளம். கோயில்கள், சீயோன் ஆலயம், கெயிட்டி நின்ற இடம், மே தினப் பூங்கா ஆகியவற்றில் தமிழில் செம்மையாக எழுதிய வரலாற்றுப் பலகைகள் நாட்டப்பட வேண்டும். நிழலும் நடைபாதையும், பெண்கள் அச்சமின்றிப் பயன்படுத்தக்கூடிய தூய கழிப்பறையும் வேண்டும். வழிகாட்டிகளாக அப்பேட்டையின் இளைஞர்களையே பயிற்றி அமர்த்தினால், அங்கு ஈட்டப்படும் வருவாயில் ஒரு பங்கு அங்கேயே தங்கும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, பேட்டை மக்களைக் கூட்டி அவர்தம் கருத்தைக் கேட்டாக வேண்டும். தம் தெருவுக்கு அயலார் வருவதை விரும்பாத உரிமையும் அவர்களுக்கு உண்டு. அந்த உரிமையை மதித்து, அவர்கள் இசைவோடு நடக்கும் திட்டமே நிலைக்கும். மாநகராட்சி தன் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இக்கணக்கெடுப்புக்கு ஒரு தொகையை ஒதுக்கட்டும். அதன் முடிவைக் காலவரையறையோடு மன்றத்தின் முன் வைக்கட்டும். அந்த மன்றம் கூடும் ரிப்பன் மாளிகையிலிருந்து ஆற்றைக் கடந்து சிறிது தொலைவு நடந்தால் சிந்தாதிரிப்பேட்டை வந்துவிடும்; உறுப்பினர்கள் வாக்களிக்கும் முன் ஒருமுறை அவ்வழியே நடந்து வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.