தெரிந்து வைத்திருப்போம்: ஒரு கைத்தொலைபேசியும் இரண்டு கட்டணமும்



வீட்டில் ஒரு கைத்தொலைபேசி இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவர் தான் பாவித்த மடிக்கணினியைக் கொடுத்து விட்டிருக்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். ஆனால் வீட்டுக்குத் தனியாக இணைய இணைப்பு எடுத்து மாதாமாதம் காசு கட்ட வழியில்லை. என்ன செய்யலாம்? கணவரை இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் சகோதரிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. கைத்தொலைபேசிக்கு வரும் இணையத்தை அது மடிக்கணினிக்கும் கடத்திக் கொடுக்கும். முன்னர் மோடம் என்று தனியாக வாங்கிய பொருளின் வேலையை இன்று கைத்தொலைபேசியே செய்கிறது. வைபை மூலமும், புளூரூத் மூலமும், சார்ஜ் செய்யும் யூ.எஸ்.பி. வயர் மூலமும் இதைச் செய்யலாம். அன்ட்ரொய்ட் தொலைபேசியின் செற்றிங்ஸ் பகுதியில் 'ஹொட்ஸ்பொட்' என்றும், ஐபோனில் 'பேர்சனல் ஹொட்ஸ்பொட்' என்றும் இது இருக்கும். தனியாக எந்தச் செயலியும் தேவையில்லை.

ஆனால் இந்த வசதி சும்மா கிடைத்துவிடவில்லை. அதன் கதையையும் நாங்கள் அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால், காசு கொடுத்து வாங்கிய பொருளை எப்படிப் பாவிப்பது என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

2008 யூலையில் அப்பிள் நிறுவனம் ஐபோனுக்கான செயலிக் கடையைத் திறந்தது. சில வாரங்களுக்குள் 'நெற்ஷெயர்' என்ற செயலி அங்கே விற்பனைக்கு வந்தது. ஐபோனை மடிக்கணினிக்கு மோடமாக மாற்றுவதுதான் அதன் வேலை. விலை ஏறத்தாழ 10 டொலர். அப்பிள் அதைக் கடையில் இருந்து அகற்றியது. அன்று ஐபோனுக்கு வேறு கடை இல்லை. அகற்றப்பட்டால் வாங்க வேறு இடமும் இல்லை. 2010 யூலையில் ஒரு சிறுவன் செய்த 'ஹான்டி லைற்' என்ற செயலி வந்தது. பார்ப்பதற்கு அது வெறும் ரோர்ச் லைற். உள்ளே மறைத்து வைத்திருந்தது இதே மோடம் வசதி. விடயம் வெளியில் தெரிந்ததும் அதுவும் அகற்றப்பட்டது.

ஏன் இவ்வளவு தடை? அமெரிக்காவில் தொலைபேசிக் கொம்பனிகள் இந்த வசதிக்குத் தனிக் கட்டணம் அறவிட விரும்பின. ஏ.ரி. அன் ரி. கொம்பனி 2010 யூனில் இதற்கென மாதம் 20 டொலர் மேலதிகமாகக் கேட்டது. அந்த 20 டொலருக்கு மேலதிகமாக டேட்டா எதுவும் தரவில்லை. ஏற்கெனவே காசு கட்டி வாங்கிய 2 ஜி.பி.யையே மடிக்கணினியிலும் பாவிக்கலாம் என்ற அனுமதிக்கு மட்டும் அந்தக் கட்டணம். பவுசரில் காசு கொடுத்து ஒரு குடம் தண்ணீர் வாங்குகிறோம். குடிக்கலாம், ஆனால் மிளகாய்க் கன்றுக்கு ஊற்றுவதென்றால் இன்னும் காசு தா என்று பவுசர்காரன் கேட்டால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

வெரைசன் என்ற கொம்பனி இன்னும் ஒரு படி மேலே போனது. அன்ட்ரொய்ட் செயலிக் கடையில் இருந்த இப்படியான 11 செயலிகளைத் தன் வாடிக்கையாளருக்குக் கிடைக்காமல் செய்யும்படி கடையை நடத்தியவர்களிடம் கேட்டது. ஆனால் 2008 இல் அக்கொம்பனி ஏலத்தில் எடுத்த அலைக்கற்றையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருந்தது. அந்த அலைக்கற்றையில் வாடிக்கையாளர் விரும்பிய கருவியையும் செயலியையும் பாவிப்பதைத் தடுக்கக்கூடாது என்பதே அது. 'பிறீ பிரஸ்' என்ற பொதுநல அமைப்பு 2011 இல் இதைச் சுட்டிக்காட்டி முறைப்பாடு செய்தது. 2012 யூலை 31 அன்று, அமெரிக்காவின் மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு விசாரணையை முடித்தது. வெரைசன் 12 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் செலுத்தவும், செயலிகளைத் தடுப்பதை நிறுத்தவும் இணங்கியது.

சகோதரிகளே, இதில் நான் கவனித்தது ஒன்று. நிபந்தனை காகிதத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. ஆனாலும் ஒருவர் அதை வாசித்து, எழுத்தில் முறையிடும் வரை அது வேலை செய்யவில்லை. நிவாரண அட்டைக்கும் காணி உறுதிக்கும் அலைந்த எங்களுக்கு இது புதிய பாடம் அல்ல. நம் நாட்டிலும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு இருக்கிறது. வெட்டக்கூடாத காசு வெட்டப்பட்டால் முதலில் கொம்பனிக்கு முறையிடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் ஆணைக்குழுவுக்கு எழுதுங்கள். திகதியையும் வந்த குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

இனி, பாவிக்கும்போது கவனிக்க வேண்டியவை.

முதலாவது, ரீலோட் போடுமுன் எந்தப் பக்கேஜ் என்று கேளுங்கள். சிலவற்றில் டேட்டா இரவுக்கு மட்டும், அல்லது ஒரு செயலிக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருக்கும். அது பிள்ளையின் பகல் நேரப் படிப்புக்கு உதவாது.

இரண்டாவது, மடிக்கணினி டேட்டாவை வேகமாகக் குடிக்கும். நீங்கள் எதையும் திறக்காவிட்டாலும் விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். வைபை அமைப்புக்குள் 'மீற்றேர்ட் கனெக்சன்' என்பதைத் தெரிவு செய்தால் அது பெருமளவு குறையும். பாடக் காணொளிகளைக் குறைந்த தரத்தில் பார்க்கப் பழக்குங்கள். உயர்ந்த தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் 1 ஜி.பி. கூடப் போய்விடும்.

மூன்றாவது, கடவுச்சொல் வையுங்கள். ஹொட்ஸ்பொட்டுக்கு உங்கள் பெயரையோ இலக்கத்தையோ பெயராக வைக்காதீர்கள். சுற்றியுள்ள எல்லோருடைய தொலைபேசியிலும் அது தெரியும். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நான்காவது, யூ.எஸ்.பி. வயர் மூலம் இணைத்தால் தொலைபேசிக்கு மடிக்கணினியில் இருந்து சார்ஜும் ஏறும். தனியாக இருக்கும் பெண்ணுக்குத் தொலைபேசி இரவில் உயிரோடு இருப்பது முக்கியம்.

ஐந்தாவது, 'இலவச இணையம்' தருவதாக யாராவது அனுப்பும் செயலியை ஏற்றாதீர்கள். கடைக்காரன் பூட்டும் கதவு வேறு, திருடனுக்காக நாங்கள் பூட்டும் கதவு வேறு. முதலாவதைக் கேள்வி கேட்போம். இரண்டாவதைத் திறந்துவிடாமல் இருப்போம்.

இந்த மாதம் பிள்ளைகளிடம் கேட்டாவது உங்கள் தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டை நீங்களே ஒருமுறை போட்டு நிறுத்திப் பாருங்கள். தெரியாத அயலவருக்கும் காட்டிக் கொடுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.