கம்பத்தில் நிற்பவரும் தொழிலாளிதான்

காற்று மழைக் காலம் வந்துவிட்டது. இனி அடிக்கடி கரண்ட் போகும். போனவுடன் மின்சார சபைக்காரரைத் திட்டாத லயம் இல்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது வரும் கோபம் நமக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் மழையில் கம்பத்தின் மேல் நிற்பவரையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

நம் காம்பராவுக்குள் வருவது 230 வோல்ட். தோட்டத்துக்கு வரும் பெரிய கம்பியில் 11,000 அல்லது 33,000 வோல்ட். லக்சபானவிலிருந்து இரும்புக் கோபுரங்களில் கொழும்புப் பக்கம் போவது 132,000. (1950இல் லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியும், அந்தக் கம்பிகளுக்குக் கீழே இருந்த லயங்கள் பல காலம் குப்பி விளக்கில்தான் கிடந்தன. அது வேறு கணக்கு.)

இந்தக் கம்பிகளைத் தொடக்கூட வேண்டாம், கிட்டப் போனாலே பாயும். அதனால் லைன் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. கரண்டை நிறுத்த வேண்டும். வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்ட வேண்டும். கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு வேலை நடக்கும் இடத்துக்கு இரு பக்கமும் கம்பியை நிலத்தோடு இணைக்க வேண்டும். நடு ராத்திரியில், ஆள் குறைவாக, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று மேலிடம் நெருக்கும்போது விடுபடுவது இந்தக் கடைசி வேலைதான். உயிரைக் காப்பதும் அதுதான். ஏனென்றால் நிறுத்திய கம்பியிலும் கரண்ட் வரும். பக்கத்து லைனிலிருந்து வரும், இடியிலிருந்து வரும், நம் தோட்டத்து ஜெனரேட்டரிலிருந்தும் வரும்.

இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். பெக்டரியிலோ கடையிலோ ஜெனரேட்டரைப் போடும்போது மெயின் லைனைப் பிரிக்காவிட்டால், அந்த 230 வோல்ட் ட்ரான்ஸ்போமருக்குள் பின்பக்கமாக ஏறி, மறுபக்கம் 11,000 அல்லது 33,000 வோல்டாக வெளியே வரும். தூரத்துக் கம்பத்தில் இருப்பவருக்கு அது தெரியாது. ஒரு மாற்றுச் சுவிட்ச் இருந்தால் இந்தச் சாவு நடக்காது.

அந்தக் கம்பத்தில் நிற்பவர்களிலும் எல்லோரும் நிரந்தர ஊழியர் அல்ல. 'மேன்பவர்' என்ற பெயரில் வருடக்கணக்காக உழைத்தவர்கள் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இறங்கிப் போராடியதை நாம் பார்த்தோம். கைக்காசு வேலை என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆகவே தோட்டக் கமிட்டிகள் இந்த மாதமே துரையிடம் மூன்று விடயங்களைக் கேட்க வேண்டும். பெக்டரி ஜெனரேட்டருக்கு மாற்றுச் சுவிட்ச் இருக்கிறதா, அது வேலை செய்கிறதா? லைனுக்குப் பக்கத்தில் வளர்ந்த சவுக்கு மரங்களை, மின்சார சபையோடு பேசிக் கரண்டை நிறுத்தி, எப்போது வெட்டப் போகிறார்கள்? கம்பியில் கிளை விழுந்தால் கத்தியோடு நம் ஆளை அனுப்பும் பழக்கத்தை நிறுத்துவார்களா? அது நம் வேலையல்ல. போகச் சொன்னால் மறுத்துவிட்டு, உடனே தலைவருக்குச் சொல்லுங்கள்.

கம்பி அறுந்து கொழுந்து மலையில் கிடந்தால், கரண்ட் போயிருந்தாலும் கிட்டப் போகாதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். ஈர மண்ணிலும் கரண்ட் பரவும். 1987க்கு அழைத்து, தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும் சொல்லுங்கள். டிவிஷன் தெரியாமல்தான் அவர்கள் இருட்டில் மலை மலையாக அலைகிறார்கள்.