நோட்டீஸ் போர்டில் குழு எங்கே?

தோழர்களே! மேலநீலிதநல்லூர் வட்டாரத்திலிருந்து மில்லுக்கும் தையல் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் போகும் அக்கா தங்கைகளே, அண்ணன் தம்பிகளே!

2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில், நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். பல மாதங்களாகவே அவர் பாலியல் தொல்லை கொடுத்துவந்ததாகக் குடும்பத்தார் சொன்னார்கள்.

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பவர்கள் லைனில் ஒருநாள் நின்று பார்க்கட்டும். வீட்டில் சொன்னால், "நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே" என்பார்கள். மேனேஜரிடம் சொன்னாலோ, சொன்னவளைத்தான் வேறு லைனுக்குத் தூக்கிப் போடுவார். டார்கெட் கூடும், வசவு கூடும், வேனில் அவளைப் பற்றியே பேச்சு. தொல்லை கொடுத்தவன் அதே இடத்தில் விசிலடித்துக்கொண்டு நிற்பான். இது நிர்வாகம் செய்கிற குற்றம்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டம் தெளிவாக இருக்கிறது. பத்துப் பேர் வேலை பார்த்தாலே உள்ளகப் புகார் குழு வேண்டும். தலைவர் பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். எழுதத் தெரியாதவளுக்குப் புகாரை எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை புகார் கொடுத்தவள் எழுதிக் கேட்டால், குழுவின் பரிந்துரைப்படி தொல்லை கொடுத்தவனை மாற்றலாம். அவளுக்கு மூன்று மாதம்வரை விடுப்பும் தரலாம். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய்வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைந்த தறிக்கூடமா, புகாரே முதலாளி மேலா? மாவட்ட உள்ளூர் புகார் குழு இருக்கிறது.

சட்டம் தானாக நடக்காது, தோழர்களே. அந்தக் கொலைக்குப் பிறகு திண்டுக்கல் பெண்கள் ஒதுங்கிவிடவில்லை. பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. 2022-இல் அந்த ஆலையை நடத்திய ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும், எச் அண்ட் எம் போன்ற பெரிய பிராண்டுகளும் தொல்லையைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. யூனியன் பயிற்சி கொடுத்த பெண்களே தொழிற்கூடத்துக்குள் கண்காணித்தார்கள். கையெழுத்துப் போட வைத்தது நம்மைப் போன்ற பெண்களின் ஒற்றுமை.

மேனேஜர்களே, உங்களுக்கும் சொல்கிறோம்: புகார் வந்த அன்றே குழுவிடம் கொடுங்கள். சமாதானம் பேச வீட்டுக்கு ஆள் அனுப்பாதீர்கள். சொன்னவளின் கூலியில், ஷிப்டில் கை வைக்காதீர்கள். லைனில் கெட்ட வார்த்தையில் ஏசும் சூப்பர்வைசரை அந்த நேரமே நிறுத்துங்கள். வசவைப் பொறுத்துக்கொள்ளும் இடத்தில்தான் அடுத்தது நடக்கிறது.

தோழர்களே, நாளை வேலைக்குப் போனதும் நோட்டீஸ் போர்டைப் பாருங்கள். குழு அமைத்த உத்தரவை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும் என்பது சட்டம். இல்லையென்றால் தனியாகப் போய்க் கேட்காதீர்கள். லைனோடு சேர்ந்து போய்க் கேளுங்கள்!